ஒரு அம்மா என்று மட்டும்

1. அனுமதித்தது நான்தான்

யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு நீரிழிவு கிளினிக்கின் நிர்வாகம் என் பொறுப்பில் இருந்தது. டொக்டர், ஒரு நர்ஸ், நான், அவ்வளவுதான் ஆட்கள். கிளினிக்குக்கென்று தமிழில் ஒரு வலைப்பதிவு தொடங்கியது என் யோசனை. பிட்டு எவ்வளவு சாப்பிடலாம், கோயில் வீதியில் வெறுங்காலோடு நடந்து வந்தால் பாதத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று கிழமைக்கு ஒரு பதிவு எழுதினேன்.

நோயாளிகள் பலரிடம் கணினி இல்லை. வாசித்தவர்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்த அவர்களுடைய பிள்ளைகள். வாசித்த கையோடு, "அம்மா, காலைக் காட்டினீங்களோ?" என்று இங்கே போன் எடுப்பார்கள். அவர்கள் எழுதும் பின்னூட்டங்களை நான் பிரிண்ட் எடுத்துக் காத்திருக்கும் அறையின் பலகையில் ஒட்டுவேன். அதற்கு முன்னால் நின்று நோயாளிகள் ஒருவரையொருவர் சீண்டுவார்கள்:

"உம்மட மகள் இந்த முறை எழுதேல்லையே?"

"அவளுக்கு வேலை கிடக்கு. உங்கட மருமோன் மாதிரிச் சும்மாவே இருக்கிறாள்?"

டோக்கன் கூப்பிட்டாலும் பலகையை விட்டு நகர மாட்டார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

ஒரு முறை, இரத்தத்தில் சீனியை நன்றாகக் குறைத்த ஓர் அம்மாவைப் பற்றி, அவர் சம்மதத்தோடு, பெயரும் படமும் போட்டு எழுதினேன். மகனின் கனடா விசா அலுவலாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அவனோடு லொட்ஜில் தங்கியிருந்தவர். படத்தில் மகனும் பக்கத்தில் இருந்தான். ரொறன்ரோவிலிருந்த மகளின் பின்னூட்டம் உடனே வந்தது. 'இது என் தம்பி!' என்று தொடங்கி, அவன் பெயர், லொட்ஜின் பெயர், அறை இலக்கம் எல்லாம் எழுதி, 'மெலிந்துவிட்டான், யாராவது போய்ச் சாப்பிட்டானா என்று பாருங்கள்' என்று முடித்திருந்தாள்.

வாசித்துச் சிரித்தேன். பின்னூட்டத்தை வெளியிடும் பொத்தானை அழுத்தி அனுமதித்தேன். பலகையிலும் ஒட்டினேன்.

2. கதவு திறக்க முன்னர்

மூன்றாம் நாள் காலை அந்த அம்மா வாசலில் நின்றார்.

"பிள்ளை, ரூம் நம்பரையே ஒட்டி வைச்சிருக்கிறியள். ஆர் எவர் பாக்கினம் எண்டு தெரியுமோ?"

"மகள் ஆசையில எழுதினவ அம்மா..."

"அவள் கனடாவில இருக்கிறாள், மறந்துபோனாள். நீங்கள் இஞ்சதானே இருக்கிறியள்? உங்களுக்கும் ஒரு பெடியன் இருக்கிறான். அவன்ர பேரை இப்பிடிப் போடுவியளோ?"

அந்த நேரம் என் மகன் பம்பலப்பிட்டிக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான். ஏறினால் ஒரு மிஸ்ட் கோல், இறங்கினால் ஒன்று. இரண்டாவது வரும்வரை எனக்குத் தேநீர் இறங்காது. லொட்ஜில் தங்கும் யாழ்ப்பாணத்துப் பெடியன்களில் எத்தனை பேர், விசாரணைக்கென்று கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராமல் போயிருந்தார்கள்! அது தெரிந்த நான்தான் அந்தப் பொத்தானை அழுத்தினேன்.

பலகைத் தாளைக் கிழித்தேன். மெதுவான இணைப்பில் படமும் பின்னூட்டமும் அழியும்வரை அவர் என் கதிரைக்குப் பின்னால் நின்றார். அன்றே லொட்ஜ் மாறினார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

"ஆர் விட்டது?" என்று டொக்டர் கேட்டார்.

"நான்தான் டொக்டர்."

"அப்ப பிழை நடந்தது எண்டு நீங்களே எழுதுங்கோ. ஆருக்கு எண்டு மட்டும் எழுதாதேங்கோ."

எழுதினேன். பழைய பதிவுகளிலிருந்த பெயர்களையும் படங்களையும் எடுத்தேன். அதன் பிறகு எதுவும் எழுத வரவில்லை. அந்த அம்மாவின் இரத்தப் பரிசோதனைத் திகதி வந்தது, அவர் வரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன்.

3. ஏழு அம்மாக்கள்

ஒரு மாதம் கழித்துத் தனியாக வந்தார். மகன் பின்னால் வருகிறானா என்று கதவுப் பக்கம் பார்த்தேன். அவரே சொன்னார்:

"தம்பி கனடாவுக்குப் போய்ச் சேர்ந்திட்டான். இப்ப அக்காவோட சண்டையாம், தான் மெலிஞ்சதை உலகத்துக்கே சொன்னதுக்கு."

நான் அழுதுவிட்டேன். அவர் சிரித்தார்.

"எழுதிறதை விட்டிட்டியளோ?"

"பயமாக் கிடக்கு அம்மா."

"எழுதுங்கோ. ஒரு அம்மா எண்டு மட்டும் போடுங்கோ."

அன்று அவருடைய சீனி உச்சத்தில் நின்றது. மகனை நினைத்து நினைத்து, சீனிக்கு விழுங்கும் குளிசைகளை விட்டிருந்தார். அதையே, அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டு, போட்டேன்: 'ஒரு அம்மா பிள்ளையை யோசித்துத் தன் குளிசையை மறந்துபோனார். கேட்டால், ஒழுங்காகப் போடுகிறேன் என்பார்.'

அந்தக் கிழமை ஏழு அம்மாக்கள் கோபத்தோடு வந்தார்கள்.

"என்னைப் பற்றி ஏன் எழுதினனீங்கள்?"

"உங்களைப் பற்றி இல்லையே அம்மா."

"பொய் சொல்லாதேங்கோ. மகள் லண்டனில இருந்து ஏசுறாள்!"

ஒருவர் கைப்பையைத் திறந்து, பிரிக்காத குளிசை அட்டைகளை என் மேசையில் வைத்தார். ஏழு பேருக்கும் டொக்டர் பரிசோதனை எழுதினார். பிறகு அவர்கள் கிளினிக்கை மாற்றவேயில்லை.

இப்போது கிளினிக் பக்கங்களை நடத்தும் இளையவர்கள் என்னிடம் முறை கேட்கிறார்கள். என் முறை ஒன்றுதான். பதிவை வெளியிட முன்னர், அதில் வருபவரின் இடத்தில் என் மகனின் பெயரை வைத்து ஒரு தடவை வாசிப்பேன். கை தயங்கும் இடத்தில் அந்த வரியை எடுத்துவிடுவேன்.