புதன்கிழமைப் பாட்டு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் சீக்கிரம் போகாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் வேனில் ஓடிய பாட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் இதை முதலில் ஒத்துக்கொண்டுவிடுவது நல்லது. பாதிப் பாட்டுகள் என் கோபத்துக்காகவே போடப்பட்டவை.

கொற்கைக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளிக்கூடம். பாளையங்கோட்டையிலிருந்து அங்கே நாங்கள் நாலு டீச்சர்கள் தினமும் போய் வருகிறோம். பஸ்ஸில் போனால் மாறி ஏற வேண்டும். திருச்செந்தூரில் ஏதாவது விசேஷம் என்றால் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் ஒரு வேன் பேசிக்கொண்டோம். தமிழ் நடத்துகிற நான், கணக்கு டீச்சர், அறிவியல் டீச்சர், இங்கிலீஷ் டீச்சர், அப்புறம் வேனை ஓட்டுகிற அண்ணாச்சி. போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். பெற்ற பிள்ளையோடு கூட ஒரு நாளில் அவ்வளவு நேரம் நான் உட்கார்ந்தது கிடையாது.

முதல் மாதமே பாட்டுக்காகச் சண்டை வந்தது. எனக்குப் பழைய பாட்டு வேண்டும். இங்கிலீஷ் டீச்சர் சின்னப் பெண், அவளுக்கு நேற்று வந்த பாட்டு வேண்டும். அறிவியல் டீச்சருக்குப் பாட்டே வேண்டாம், தூங்க வேண்டும். நான் போட்ட சத்தத்தில் அண்ணாச்சி வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"பள்ளிக்கூடம் வாரத்துல அஞ்சு நாளு. நாமளும் அஞ்சு பேரு. ஆளுக்கு ஒரு நாளா வச்சுக்கிடுங்க டீச்சர். வெள்ளிக்கிழமைய எனக்கு விட்டுருங்க."

அப்படித்தான் திங்கள் எனக்கு, செவ்வாய் அறிவியலுக்கு, புதன் கணக்குக்கு, வியாழன் இங்கிலீஷுக்கு என்று ஆனது. ஒருவர் நாளில் இன்னொருவர் வாயைத் திறக்கக் கூடாது. அண்ணாச்சியின் வெள்ளிக்கிழமையில் செய்துங்கநல்லூர் வரை முருகன் பாட்டு, அதைத் தாண்டினால் குத்துப் பாட்டு. முருகன் கோவித்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்டால், "அவரு ஊரு ரோட்டுலதான போறோம், அவரும் கேக்கட்டுமே" என்பார்.

ஆனால் நாங்கள் எல்லோரும் காத்திருந்தது புதன்கிழமைக்குத்தான்.

கணக்கு டீச்சர் மேலப்பாளையத்துக்காரி. என்னைவிடப் பத்து வயது இளையவள். பள்ளிக்கூடத்தில் 'டீச்சர்' என்பேன், வேனுக்குள் 'ஏட்டி'தான். அவள் எனக்குப் பக்கத்து இருக்கை. மற்ற நாங்களெல்லாம் அவரவருக்குப் பிடித்த பாட்டைப் போட்டோம். அவள் எங்களுக்கு வேண்டிய பாட்டைப் போட்டாள். முந்தின நாள் யார் முகம் எப்படி இருந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டு, மறுநாள் அதற்கென்று ஒரு பட்டியல் போனில் கொண்டு வருவாள். போகிற நேரத்துக்குச் சரியாக இருக்கும் அது.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். "கோவமா இருக்கவங்களுக்கு எடுத்த எடுப்புலயே மெலடி போடப்பிடாதுக்கா. இன்னும்தான் எரிச்சல் வரும். மொதல்ல அந்தக் கோவத்துக்குத் தக்கன வேகமா நாலு பாட்டு ஓடணும். அப்புறம் பைய இறக்கிக் கொண்டாரணும்." இங்கிலீஷ் டீச்சரைப் பெண் பார்க்க வரவிருந்த ஒரு புதன்கிழமை, பிள்ளை புடவை மடிப்பையே திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டிருந்தாள். அன்றைக்கு எல்லாம் எங்களுக்கு மனப்பாடமான பாட்டுகள். பயத்துக்குத் தெரியாத பாட்டு ஆகாதாம், கூடப் பாடுகிற பாட்டாக இருக்க வேண்டுமாம். ஸ்ரீவைகுண்டம் வரும்போது அவள் தொண்டை கட்டிப்போகப் பாடிக்கொண்டிருந்தாள். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் தலைமையாசிரியரோடு மல்லுக்கு நின்ற வாரங்களில் ஓடிய பாட்டுகளை எண்ணவே முடியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் வழி நெடுகப் புலம்பிக்கொண்டு வந்தேன். சென்னையில் இருக்கிற என் மகன், தீபாவளிக்கு வர முடியாது என்று போனில் சொல்லிவிட்டான். 'வராட்டா போ, இனிமே வரவே வராத' என்று வைத்துவிட்டேன். பேசி ஒரு வாரம் ஆகியிருந்தது. அவள் 'ம்' கொட்டிக் கேட்டுக்கொண்டே வந்தாள். "நாளைக்குப் புதன்கிழமைலாக்கா, பாத்துக்கிடுவோம்" என்றாள் இறங்குவதற்கு முன்னால்.

மறுநாள் விடிவதற்குள் செய்தி வந்துவிட்டது. அவள் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு, இனி போகவே மாட்டேன் என்று வந்து ஊரில் கடை வைத்திருந்த மனுஷன். பிள்ளையும் இல்லை. நான் அன்றைக்கு அழுத மாதிரி என் அப்பாவுக்குக் கூட அழவில்லை.

புருஷனை இழந்தவர்கள் வெளியே வராமல் இருக்கிற அவர்கள் முறைப்படி நாலு மாதமும் பத்து நாளும் அவள் இத்தா இருந்தாள். இருந்த விடுப்பையெல்லாம் சேர்த்துப் போட்டாள். பெண்கள் போய்ப் பார்க்கலாம் என்பதால் நாங்கள் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அவள் அறையில் உட்கார்ந்திருப்போம். வேனில் அவளுடைய புதன்கிழமையை யாரும் தொடவில்லை. எப்போது வருவாள், எப்போது என் பக்கத்தில் வந்து உட்காருவாள் என்பதுதான் என் நினைப்பு.

அவள் வருவதற்கு முந்தின வாரம் வேனில் நாங்கள் கலந்து பேசினோம். பேசினோம் என்ன, நான்தான் பேசினேன். எங்கள் வீடுகளில் ஒரு சாவு, துஷ்டி என்று நடந்துவிட்டால் டிவி போட மாட்டோம், ரேடியோ போட மாட்டோம், அக்கம்பக்கத்திலும் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள். "நாம மட்டும் பாட்டுப் போட்டுக்கிட்டுப் போனா அந்தப் பிள்ளை என்ன நெனைக்கும்?" என்றேன். இங்கிலீஷ் டீச்சர் தயங்கித் தயங்கி, "மெதுவா, நல்ல பாட்டா ஏதாவது?" என்றாள்.

சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பாட்டுகளின் வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்துவது போலத் திருத்தினேன். காதல் பாட்டு ஆகாது. பிரிவுப் பாட்டு ஆகவே ஆகாது. தத்துவப் பாட்டு என்றால் நாலாவது வரியில் சாவு வந்து நிற்கிறது. தாலாட்டுப் போடலாமா என்றால் அவளுக்குப் பிள்ளை இல்லை. மழையைப் பற்றி ஒரு பாட்டு நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது சரணத்தில் ஒருத்தி அந்த மழையில் யாருக்காகவோ நின்றுகொண்டிருக்கிறாள். இத்தனை வருஷம் தமிழ் நடத்தியிருக்கிறேன், ஓர் ஆணும் பெண்ணும் இல்லாத பாட்டு இவ்வளவு அரிது என்று அன்றுதான் கண்டேன். கடைசியில் தேறியது காலையில் பள்ளிக்கூடத்தில் பாடுகிற வாழ்த்து மட்டும்தான். அதைப் போட்டால் வேனுக்குள் எழுந்து நிற்க வேண்டும்.

பாட்டே வேண்டாம் என்று முடிவு செய்தேன். அண்ணாச்சியிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

அவள் வந்தாள். மெலிந்திருந்தாள். "எல்லாரும் நல்லா இருக்கீங்களாக்கா" என்று கேட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றேகால் மணி நேரம் வேனுக்குள் ஒரு சத்தமும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. ஐந்து வாரம் அப்படியே போனோம். பின் கதவில் ஏதோ ஒன்று லொடலொடவென்று ஆடுகிறது என்பதும், அறிவியல் டீச்சர் எந்த இடத்தில் குறட்டை விட ஆரம்பிப்பார் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எதற்கெடுத்தாலும் 'சவத்த விடு' என்று சொல்கிற பழக்கம் எனக்கு உண்டு. அந்த ஐந்து வாரமும் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமைகளில் மட்டும் அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். பள்ளிக்கூடம் வந்ததும் திரும்ப உள்ளே வைத்துவிடுவாள். நான் பார்த்தேன். எதற்கென்று கேட்கவில்லை.

ஆறாவது வாரம், செவ்வாய்க்கிழமை மத்தியானம், மறந்து வைத்த குடையை எடுக்க வேனுக்குப் போனேன். அண்ணாச்சி வேப்பமரத்து நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "டீச்சர், கணக்கு டீச்சர் அடுத்த மாசத்துலருந்து பஸ்ஸுல போறேன்னு சொல்லுதாங்க. ஏன்னு கேட்டேன், சும்மாதான்னுட்டாங்க."

எனக்கு வந்ததே கோபம். குடையை அங்கேயே போட்டுவிட்டு நேரே எட்டாம் வகுப்புக்குப் போனேன். அவள் தனியாக உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸுல போறியாமே. எங்க மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலையோ?"

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"பின்ன என்னத்துக்கு?"

அவள் பேனாவை மூடி வைத்தாள். "வீட்டுல நான் ரூம விட்டு வெளிய வந்தா மாமி டிவிய அமத்திருதாங்க. பக்கத்து வீட்டுல சிரிச்சிட்டு இருப்பாங்க, என்னப் பாத்ததும் நிப்பாட்டிருதாங்க. வேனுக்கு வந்தா நீங்களும் அதேதான். என்னால நாலு பேருக்குப் பாட்டு இல்லாமப் போச்சு. பஸ்ஸுல யாருக்கும் என்னத் தெரியாதுக்கா. டிரைவர் அவன் பாட்டுக்கு ஏதாவது போட்டுக்கிட்டுப் போவாம்லா."

"உனக்காகத்தானேட்டி" என்றேன். எனக்கே அது நோஞ்சானாகக் கேட்டது.

"தெரியும். அதனாலதான் சொல்ல முடியல."

திருத்திய நோட்டுகளை ஒரு பக்கமாக அடுக்கிக்கொண்டே அவளே பேசினாள். "புதன்கிழமை பாட்டெல்லாம் நான் எடுத்ததுன்னா நெனைக்கீங்க? எனக்குப் பாட்டப் பத்தி என்ன தெரியும். செவ்வாக்கிழமை வீட்டுக்குப் போனதும் எங்க வீட்டுக்காரங்ககிட்ட சொல்லுவேன். இன்னைக்கு அக்காவுக்கு என்ன கோவம், இங்கிலீஷ் டீச்சர் ஏன் பேசவே இல்ல, எல்லாம். அவங்கதான் கேட்டுட்டு உக்காந்து எடுத்துத் தருவாங்க. தமிழ் டீச்சர் என்ன சொன்னாங்கன்னுதான் மொதல்லயே கேப்பாங்க."

நான் அந்த மனுஷனை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை.

"அன்னைக்கும் எடுத்து வச்சிருக்காங்க. நீங்க மகன்கூட சண்ட போட்டுட்டு வந்தீங்கள்லா, அதுக்கு. கடைசியா எனக்காகச் செஞ்சது அதுதான். தனியாக் கேக்க எனக்கு மனசு வரல. வேன்லதான் கேக்கணும், உங்க பக்கத்துல உக்காந்து. வாரவாரம் கொண்டுவாரேன். நீங்க எல்லாரும் அப்படி உக்காந்திருக்கும்போது நான் எப்படிக்கா கேப்பேன்?"

பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு மரியாதை செய்கிறேன் என்று ஐந்து வாரமாக நான் செய்தது என்னவென்று அப்போதுதான் உறைத்தது. அவள் அழுவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அவ்வளவுதான். அதற்குத் துஷ்டி, முறை என்றெல்லாம் பேர் வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் புதன். ஏறினதும், "அண்ணாச்சி, கணக்கு டீச்சர் போனை மாட்டுங்க" என்றேன். அண்ணாச்சி ஒன்றும் கேட்காமல் மாட்டினார்.

முதல் பாட்டே பறையும் உறுமியும் சேர்ந்த பேய்க் குத்து. அறிவியல் டீச்சர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். எனக்கு உயிரே போய்விட்டது, இதையா முதலில் போடுவது என்று. அவளைத் திரும்பிப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள். "உங்க கோவம் அவ்வளவு இருந்திருக்குக்கா" என்றாள். அடுத்த மூன்றும் அதே வேகம். செய்துங்கநல்லூர் தாண்டியதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தது. சொல்லி வைத்தாற்போல ஒவ்வொரு பாட்டும் முந்தினதைவிட ஒரு படி கீழே. வயலும் வாழையும் ஓடிக்கொண்டிருந்தன. ஓடிய எந்தப் பாட்டிலும் காதலுக்குக் குறைவில்லை, பிரிவுக்கும் குறைவில்லை. அவள் முழுங்கால் மேல் தாளம் போட்டுக்கொண்டு வந்தாள்.

என் மகனும் நானும் எப்போதோ சமாதானமாகிவிட்டோம். அந்தச் சண்டை எனக்கே மறந்துபோயிருந்தது. அந்த மனுஷனுக்கு அது தெரியாது. பாவம், பாட்டுப் பாட்டாக எடுத்து வைத்து என்னைச் சமாதானம் செய்துகொண்டே வந்தார். எனக்கு ஏரல் வருவதற்கு முன்பே கண் நிறைந்துவிட்டது.

கடைசிப் பாட்டு தொடங்கும்போது பள்ளிக்கூடச் சுவர் தெரிந்துவிட்டது. புல்லாங்குழல் மட்டும் முதலில் வந்தது, பிறகு ஒரு பெண் குரல். அவள் அழ ஆரம்பித்தாள். சத்தம் போட்டே அழுதாள். என் கை பாட்டை நிறுத்தச் சொல்லித் தானாக அண்ணாச்சியின் தோள் பக்கம் போனது. அவள் அதைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஓடட்டும்" என்றாள். அவள் கையை நான் விடவில்லை. நானும் அழுதேன், யாரும் யாரையும் தேற்றவில்லை.

பள்ளிக்கூட வாசலில் தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். அண்ணாச்சி வண்டியை நிறுத்தவில்லை. அவரைத் தாண்டி, கடைசித் தெருவையும் தாண்டி, குளத்தங்கரை வரைக்கும் போய் அங்கே வட்டமடித்தார். மணி அடித்துப் பிள்ளைகள் வாழ்த்துப் பாடுவது கேட்டது. பாட்டு முழுசாக முடிந்த பிறகுதான் வேன் வாசலுக்கு வந்து நின்றது.

"என்ன டீச்சர் இது, பள்ளிக்கூடத்தத் தாண்டிப் போறீங்க? பிரேயரே முடிஞ்சிட்டு" என்றார் தலைமையாசிரியர்.

டயர், பிரேக் என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் இறங்கி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"பாட்டு முடியல சார்" என்றாள்.