மழைப் பொலித்தீனும் நானும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மண் போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். ஆறாம் வகுப்புக்கு டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே தெரியாத பிள்ளைகள் இருப்பார்களே என்ற வெட்கத்தில் போகாமல் இருந்துவிட்டேன். எனக்கு வைத்தியம் பார்த்த டொக்டரம்மா, "வாயால சொல்ல வெக்கமெண்டா எழுதிப் பாருங்கோ அண்ணை" என்றார். அதற்கும் வெட்கப்பட்டு இத்தனை நாள் ஒத்திப்போட்டேன்.

நான் பதுளையில் ஓர் ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்ட். ட்ரொலி தள்ளுவது, ஒக்சிஜன் சிலிண்டர் உருட்டுவது, எழும்ப முடியாதவர்களைக் குளிப்பாட்டுவது, மிஸ்ஸிமாருக்குத் தேத்தண்ணி வாங்கி வருவது எல்லாம் என் வேலை. தாதிகளை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். வீடு ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். என் மனைவி அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவதால் குடும்பம் நன்றாக ஓடுகிறது.

கொரோனா வந்தபோது, இறந்தவர்களைப் பொலித்தீனில் சுற்றிக் கட்டும் வேலை எனக்கு வந்தது. ஆள் குறைவு. யாராவது செய்யத்தான் வேண்டும். தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு செய்தேன். அப்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். சொல்லப்போனால் அந்த உடுப்புக்குள் எனக்கு வெட்கம்கூட இல்லை. யார் யாரென்று ஒருவருக்கும் தெரியாது அல்லவா? ஒருநாள் எங்கள் ஆள் என்று நினைத்து ஒருவரின் முதுகில் தட்டி, "மாமா, அந்த வாளியக் கொஞ்சம் தூக்கு" என்றேன். அவர் பேசாமல் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். உடுப்பைக் கழற்றும்போது பார்த்தால் பெரிய டொக்டர். அதற்குப் பிறகு அவர் என்னைக் கண்டால் "மாமா" என்றே கூப்பிட்டார்.

எல்லாம் முடிந்து, ஊரே முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு மூச்சு விட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு வந்தது.

எங்கள் மலைகளில் ஐப்பசி பிறந்தால் மழை. கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் சாக்குப் படங்கு கட்டி, அதற்கு மேல் பெரிய வெள்ளைப் பொலித்தீன் ஒன்றைத் தலையிலிருந்து முழங்கால் வரை சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் தொப்பலாக நனைந்துவிடுவார்கள். போன வருடம் அப்படி மழை பெய்த ஒருநாள் எனக்கு லீவு. அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பின்னால் சரசரவென்று ஒரு சத்தம். திரும்பினேன். வாசலை அடைத்துக்கொண்டு பொலித்தீன் சுற்றிய உருவம் ஒன்று பேசாமல் நின்றது.

அது என் மனைவிதான். எனக்கும் அது தெரியும். ஆனால் கால்களுக்குத் தெரியவில்லை. பின்கதவால் ஓடிப்போய் முட்டைக்கோவாப் பாத்தியில் மழைக்குள் நின்றேன். கையில் மாவு உருண்டை அப்படியே இருந்தது.

"ரொட்டி மாவத் தூக்கிக்கிட்டு எங்கங்க போறீங்க?" என்றாள் கதவில் நின்று.

"சும்மா. கோவா பாக்க" என்றேன்.

அடுத்த நாளும் மழை, அடுத்த நாளும் கோவா பார்க்கப் போனேன். மூன்றாவது முறை அவள் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நான் வந்தா ஓடுறீங்க. என்னையக் கண்டா புடிக்கலையா? இல்ல டவுன்ல எவளாச்சும் இருக்காளா?"

லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அக்காவின் குரல் வந்தது. "அவருக்கா? பஸ்ல டிக்கெட் கேக்கவே வெக்கப்படுற மனுசனுக்கு எவ கெடப்பா? வேற எதையாவது கேளு."

என் மனைவி சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததால் எனக்கும் சொல்ல வந்தது.

"நீ பொலித்தீன் சுத்திக்கிட்டு வந்தா அவங்க வர்ற மாதிரி இருக்கு."

"எவங்க?"

"நான் கட்டி அனுப்புனவங்க."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கமும் சத்தமில்லை. எங்கள் லயத்தில் அது அபூர்வம்.

மறுநாளே அவள் வைத்தியத்தை ஆரம்பித்தாள். வெள்ளையாக இருப்பதுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டாள். பதுளைக் கடையில் ஆப்பிளும் திராட்சையும் படம் போட்ட பிளாஸ்டிக் மேசை விரிப்பு ஒன்றை வாங்கி வந்து அதைச் சுற்றிக்கொண்டு மலைக்குப் போனாள். காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க நின்ற பெண்கள் விடுவார்களா?

"என்ன மதினி, சோத்த எங்க போடுறது, முன்னாலயா பின்னாலயா?"

"ஆப்பிள் எனக்கு, திராட்ச கங்காணிக்கு."

மாலையில் அந்தப் பழத்தோட்டத்தோடு வந்தாள். ஆனால் சத்தம் அதே சத்தம். நான் கோவாப் பாத்தியில் நின்றேன்.

"சரி விடுங்க. இனிமே வர்ற வழியிலயே கழட்டி வச்சிட்டு வர்றேன்" என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் பொலித்தீன் சத்தமே கேட்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

கார்த்திகையில் அவளுக்கு இருமல் பிடித்தது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நெஞ்சுச் சளி. ஒருமுறை அது முற்றி வார்ட்டில் கிடந்திருக்கிறாள். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், ஆவி பிடிக்க வைத்தேன். குறையவில்லை. ஒருநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனபோது பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்ணே, கொத்தமல்லி அவிச்சு என்னா புண்ணியம்? ஒங்க பொண்டாட்டி மலையில நனஞ்ச கோழி மாதிரி நிக்குது. பொலித்தீனே கட்டுறதில்ல."

"கழட்டி வச்சிட்டு வர்றதாத்தான் சொன்னா."

"லீவு நாள்ல நீங்க வாசல் இஸ்தோப்புல ஒக்காந்து எதிர்மலையப் பாப்பீங்களாம். எல்லாரும் சுத்திக்கிட்டு நிக்கையில, இது நம்மாளுன்னு நீங்க பயமில்லாமப் பாக்கணுமாம். அதான் கட்ட மாட்டேங்குது."

குடம் நிரம்பி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

அன்று மாலை சொல்லிப் பார்த்தேன். "நீங்க சரியாகுங்க, நான் கட்டுறேன்" என்றாள். கெஞ்சினேன், கோபித்தேன். என் கோபம் யாரையும் பயமுறுத்தியதில்லை. மழை தை வரைக்கும் விடாது. அவள் நெஞ்சு அதுவரைக்கும் தாங்காது. அதனால் நான்தான் சரியாக வேண்டும்.

எங்கள் வார்ட்டில் பசறைப் பக்கத்து மிஸ்ஸி ஒருவர் இருக்கிறார். நோயாளி இறந்தால் வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லும் பொறுப்பு கொரோனா காலத்தில் அவருக்கு. இப்போது போன் அடித்தால் அவருக்குக் கை சில்லிட்டுவிடும். சொந்த அம்மா கூப்பிட்டாலும் எடுக்க மாட்டார். அந்த அம்மா பசறையிலிருந்து பஸ் ஏறி வந்து, வார்ட்டு வாசலில் நின்று திட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போவார். என் கதையை அவரிடம் சொன்னேன்.

"மனசுக்குப் பாக்குற டொக்டரம்மா வந்திருக்காங்கண்ணே. போய்க் காட்டுங்க. வெக்கமா இருந்தா நான் தொணைக்கு வர்றேன்" என்றார்.

இரண்டு பேரும் போனோம். டொக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். "ஆருக்கு என்ன செய்யுது?" என்று கேட்டார்.

"அண்ணனுக்குத்தான். நான் சும்மா தொணைக்கு வந்தேன்" என்றார் மிஸ்ஸி.

"இல்லைங்க, மிஸ்ஸிக்குத்தான். நான்தான் தொணைக்கு வந்தேன்" என்று நானும் சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது.

டொக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. அப்ப நோயாளி வரும்வரைக்கும் ரெண்டு பேரும் இருந்து கதையுங்கோ" என்றார். மிஸ்ஸி சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தார். பிறகு நானும் சொன்னேன்.

டொக்டரம்மா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "இது விசரோ பைத்தியமோ இல்லை அண்ணை. ஆஸ்பத்திரியில வேலை செய்த கனபேருக்கு இப்பிடி இருக்கு, வெளியில சொல்லீனமில்லை. உங்கட மூளை இன்னும் அந்த வார்ட்டிலதான் டியூட்டி செய்யுது. வேலை முடிஞ்சுது, வீட்டுக்குப் போ எண்டு ஒருத்தரும் அதுக்குச் சொல்லேல்லை. நாங்கள்தான் மெல்ல மெல்லச் சொல்லவேணும்."

வீட்டுப்பாடம் கொடுத்தார். முதலில் ஒரு சின்னப் பொலித்தீன் பையைத் தேத்தண்ணி குடிக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பழகிய பிறகு கையால் தொட வேண்டும். அதுவும் பழகிய பிறகு பெரியது. ஓடக் கூடாது. பயம் தானாக இறங்கும் வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பாடத்தை மேற்பார்வை பார்க்க என் மனைவி தன்னைத்தானே நியமித்துக்கொண்டாள். அந்தப் பையைச் சிங்களத்தில் சிலிசிலி என்பார்கள். சத்தத்தைக் கேட்டுத்தான் அந்தப் பேர் வைத்திருக்க வேண்டும். அவள் அதற்குள் சூடான உளுந்து வடையைப் போட்டு, முடிச்சுப் போட்டு என் முன்னால் வைத்தாள். "வேணும்னா அவுத்துத் தின்னுங்க." முதல் நாள் வடை ஆறிப்போனது. பிறகு ஒருநாள் அவிழ்த்தேன். பிறகு அவிழ்க்கும் வேகம் கூடியது. என் வயிறும் கொஞ்சம் கூடியது.

பெரிய பொலித்தீன்தான் கஷ்டம். அதை ஒருநாள் அவள் தோளில் போட்டுக்கொண்டு, மலையில் யாருக்கும் யாருக்கும் சண்டை, எவள் கூடையில் அட்டை ஏறியது என்று கதை சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். நான் ஓடவில்லை. ஏன் என்று யோசித்தபோதுதான் புரிந்தது. நான் கட்டியவர்கள் யாரும் பேசவில்லை. இவள் வாயை மூடவே இல்லை.

"அப்ப பேசிக்கிட்டே வந்தா போதுமா? இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றாள். அவளுக்கு அது ஒரு வேலையா? அன்றிலிருந்து மலையில் வேலை முடிந்து வரும்போது அவளோடு சேர்ந்து மற்றப் பெண்களும் பாதை வளைவிலிருந்தே சத்தம் போட ஆரம்பித்தார்கள். "அண்ணே, நாங்க உசுரோடதான் வர்றோம்" என்று ஒருத்தி கத்துவாள். கங்காணி திகைத்துப்போய், "என்னா இவ்வளவு சந்தோசம், சம்பளத்தக் கூட்டிட்டானா?" என்று கேட்டாராம்.

நடுவில் ஒருநாள் கவிழ்ந்தது. அவளுக்குப் பல் பிடுங்கி, வாயில் பஞ்சு வைத்திருந்தார்கள். அதைப் பொருட்படுத்தாமல் வேலைக்குப் போய், மாலையில் பேச முடியாமல் வந்து நின்றாள். நான் கோவாப் பாத்தியில். பஞ்சை வாயில் வைத்துக்கொண்டு முதலில் சிரித்தாள். அப்புறம் படியில் உட்கார்ந்து அழுதாள். மறுநாள் மழையில் கட்டாமல் போனாள். இருமல் மறுபடி பிடித்தது. டொக்டரம்மாவிடம் போய்த் தலையைக் குனிந்து நின்றேன். "ஒருநாள் சறுக்கினா மலையையே விட்டிட்டு வாறதோ? திரும்ப வடையில இருந்து தொடங்குங்கோ" என்றார். அந்தப் பாடம் எனக்குப் பிடித்த பாடம்தான்.

ஒரு வருடம் ஓடி, இந்த வருட மழையும் வந்துவிட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமை. கொழுந்து அதிகமென்று வேலை கொடுத்திருந்தார்கள். விடிந்ததிலிருந்து நல்ல மழை. முதுகுப் பக்கக் கயிற்றைத் தானே கட்டிக்கொள்ள முடியாது. பெண்கள் ஒருவருக்கொருவர் கட்டிவிடுவார்கள். என் மனைவிக்குக் கட்டுவது பக்கத்து வீட்டு அக்கா. அவர் நேற்றே பசறைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். பொலித்தீனைக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதைச் சுருட்டி மூலையில் வைக்கப் போனாள்.

"கொண்டா. நான் கட்டுறேன்" என்றேன்.

அவள் முதுகைக் காட்டி நின்றாள். தலைக்கு மேல் போட்டேன். தோளில் மடித்தேன். வேலை கைக்குத் தெரிந்திருந்தது. பழைய பழக்கத்தில் முன்பக்கத்தையும் இழுத்து மூடப் போனேன்.

"மூஞ்சிய மூடாதீங்க, இன்னும் பேசி முடிக்கல" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கயிற்றை இழுத்தேன். ஆஸ்பத்திரியில் நான் போட்டதெல்லாம் அவிழாத முடிச்சு. இவளுக்கு உருவு முடிச்சுப் போட்டேன். மாலையில் அவிழ்க்க வேண்டும்.

பிறகு இஸ்தோப்பில் உட்கார்ந்து எதிர்மலையைப் பார்த்தேன். எல்லாரும் வெள்ளையாக நின்றார்கள். எது நம்மாள் என்று தெரியவில்லை. நெஞ்சு கொஞ்ச நேரம் அடித்துவிட்டு அடங்கியது. அவள் நான்கு மணிக்கு மேல் வளைவிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். ஒரே இழுப்பில் முடிச்சு உருவிக்கொண்டது. உள்ளே சட்டை காய்ந்திருந்தது. முதுகைத் தொட்டுப் பார்த்தேன், கதகதப்பாக இருந்தது.

இப்போது அவள் அடுப்படியில் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் இதை எழுதுகிறேன்.

2024 டிசம்பர் 8