தேங்காயெண்ணெய்க்குப் பின்னால் ஒரு வாசனை

தேங்காயெண்ணெய் காயும் வாசனை எங்கிருந்து வந்தாலும், பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்தோ, பேருந்தில் முன் இருக்கைக்காரியின் பின்னலிலிருந்தோ, என் மூக்கு அதற்குப் பின்னால் வேறொன்றைத் தேடும். மண்ணெண்ணெய் மாதிரி, ஆனால் அதைவிடக் காரமாக, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற ஒன்று. கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதில் ஒரு நிம்மதி. அப்புறம் அந்தப் பூனை ஞாபகத்துக்கு வரும். தனியாகச் சிரித்துக்கொள்வேன்.

கோயம்புத்தூரில் நாய்க்கும் பூனைக்கும் மட்டும் வைத்தியம் பார்க்கிறவள் நான். இரண்டு அறை, ஒரு எஃகு மேசை. உதவிக்கு உக்கடத்திலிருந்து வருகிற ஒரு அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவர், என்னைவிட முப்பது மடங்கு வாய்.

கோடை தொடங்கிய ஒரு காலையில், கதவைத் திறந்து பெருக்கிக்கூட முடிக்கவில்லை, காங்கேயத்திலிருந்து ஒரு கார் வந்து நின்றது. ஐம்பது கடந்த தம்பதி. தேங்காய்ப் பருப்பு காயவைக்கும் களம் வைத்திருக்கிறவர்கள். அந்த அம்மாளின் கையில் ஒரு துண்டு. துண்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

பிரித்தேன். உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க, ஒரு சாம்பல் நிறப் பூனை. காதுகள் துடித்தன. வாயோரம் எச்சில் ஒழுகியது. தோலுக்கடியில் யாரோ தறி ஓட்டுகிற மாதிரி ஓயாத உதறல்.

"வெறிநோயா இருக்குமோ டாக்டர்?" அக்கா என் காதருகே கேட்டார்.

எங்கள் தொழிலில் இந்தக் கேள்வி விழுந்தால் எல்லோரும் ஓரடி பின்னால் போவார்கள், அந்த ஓரடியில் பூனை செத்துப்போகும். வருசா வருசம் ஊசி போட்டிருப்பதாகச் சொல்லி, அந்த அம்மாள் அட்டையை எடுத்து நீட்டினார். அதனால் நான் பின்னால் போகவில்லை. தசையைத் தளர்த்தும் ஊசியைப் போட்டேன். உதறல் தணிந்தது, நிற்கவில்லை. காரணம் தெரியாமல் ஊசியை மட்டும் நம்பிக்கொண்டிருக்க முடியாது.

"மருந்து ஏதாச்சும் போட்டீங்களாம்மா?"

"ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா. காலைல பாத்தா நடுங்குச்சுங்க. குளுருதாட்ட இருக்குதுன்னு எண்ணெயக் காய்ச்சி ஒடம்பு பூராத் தேச்சுப்போட்டனுங்க."

அவரைக் குறை சொல்ல முடியாது. தலைவலிக்கு, தீப்புண்ணுக்கு, கன்றுக்குட்டியின் காயத்துக்கு, அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் முதலில் வருவது எண்ணெய்க் கிண்ணம்தான். ஊரே அந்த வாசனையில்தான் கண் விழிக்கிறது.

கணவர் கதவோரம் நின்று, சுவரிலிருந்த தடுப்பூசிப் படத்தை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"அவரு இதத் தொடவே மாட்டாருங்க," என்றார் மனைவி. "அஞ்சு வருசமா உன்ற பூனை, உன்ற பூனைன்னுதான் பேச்சு."

குனிந்து பூனையின் பிடரியை முகர்ந்தேன். எண்ணெய். இன்னும் முகர்ந்தேன். எண்ணெய்க்குப் பின்னால், ஒளிந்திருந்தது அது.

"ஏனுங்ணா, ஊட்டுல மாடு இருக்குதுங்களா?"

"ரண்டு இருக்குதுங்க."

"உண்ணி மருந்து ஊத்துறதுண்டுங்களா?"

"அது மாட்டுக்குங்க." பதிலைப் படத்திடம்தான் சொன்னார்.

தொழிலுக்கு வந்த புதிதில், வைத்தியத்துக்கு வந்த ஒரு பூனையை இதே கட்டத்தில்தான் இழந்தேன். மனிதர்களின் காய்ச்சல் மாத்திரையை யாரோ கொடுத்திருந்தார்கள். "யாரு குடுத்தது?" என்று சத்தம் போட்டேன். யாரும் கொடுக்கவில்லை என்றார்கள். உண்மை வந்து சேர்ந்தபோது பூனை இல்லை. எங்களிடம் வருகிற மிருகம் பேசாது, பேசத் தெரிந்தவரின் வாயை வெட்கம் பூட்டியிருக்கும். அந்தப் பூட்டைச் சத்தம் போட்டுத் திறக்க முடியாதென்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதிலிருந்து ஒரு வழக்கம்: கேட்பதற்கு முன்னால் என் வெட்கத்தை முதலில் மேசைமேல் வைத்துவிடுவேன்.

"அண்ணா, படிச்சு முடிச்ச புதுசுல, நாய்க்குப் போடற உண்ணி மருந்த என்ற சொந்தப் பூனைக்குப் போட்டவ நானு. பட்டம் செவுத்துல தொங்குது, பூனை கட்டிலுக்கடியில வெட்டி வெட்டி இழுக்குது. வெளிய சொல்றதுக்கே ரண்டு வருசம் ஆச்சுங்க."

அவர் படத்தைவிட்டுத் திரும்பினார்.

"இத எல்லார்கிட்டயும் சொல்லுவாங்கண்ணா," என்றார் அக்கா. "உங்களுக்குன்னு புதுசா ஒண்ணும் சொல்லல."

"அந்தப் பூனை என்னாச்சுங்க?"

"பொழச்சுதுங்க. பதினாலு வயசு வரைக்கும் என்னைய மொறச்சுட்டே இருந்துச்சு."

கணவர் மனைவியைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். "நேத்துப் பொழுதோட, காதச் சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம் வந்துபோச்சுங்க. பாக்கப் பாவமா இருந்துச்சு. மாட்டுக்கு ஊத்துனதுல மிச்சம் ஒரு மூடி இருந்துச்சு. முதுகுல ஊத்திப்போட்டேன். மாட்டுக்கே ஒண்ணும் ஆகறதில்லீங்களே."

"அஞ்சு வருசமாத் தொடாத கை," என்றார் அந்த அம்மாள். "நேத்துத்தானா பாசம் பொங்கோணும்?"

மாட்டின் ஈரல் அந்த மருந்தை உடைத்துக் கழித்துவிடும். பூனையின் ஈரலுக்கு அந்த வித்தை தெரியாது. போதாததற்கு, எண்ணெய் அதைத் தோலுக்குள் கைபிடித்து அழைத்துப் போகிறது. பாவப்பட்டு அவர் ஊற்றியதை, பாசப்பட்டு இவர் உள்ளே தேய்த்திருக்கிறார். நகரத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? நாய்க்கான சொட்டு மருந்தைப் போனில் வாங்கிப் பூனைக்குப் போட்டுக்கொண்டு வருகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

காரணம் தெரிந்துவிட்டது. இனி நேரத்தோடு ஓட்டம். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு. கையுறை மாட்டிக்கொண்டு கணவரே முன்னால் வந்து நின்றார். அந்தப் பெரிய கைகள் நுரைக்குள் இறங்கின.

"மாட்டக் கழுவறாப்ல தேக்காதீங்கண்ணா," என்றார் அக்கா. "இதுக்குக் கொம்பில்ல."

மூன்று முறை கழுவினோம். எண்ணெய் போனது. நான்காம் முறை அந்த இன்னொரு வாசனையும் போய், சோப்பின் எலுமிச்சை மட்டும் மிஞ்சியது. துடைத்து, கம்பளி சுற்றி, வெந்நீர்ப் புட்டிகளை அண்டக் கொடுத்து, நரம்பில் மருந்து ஏற்றினேன். மத்தியானம் ஒரு முறை பெரிதாக இழுத்தது. மறுபடி ஊசி. கணவர் வாசலில் நின்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்லி ஊருக்குப் போன் போட்டார், வந்து கூண்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. பொழுது சாயும்போது காதுகள் மட்டும்தான் துடித்தன.

மறுநாள் காலை அக்கா கம்பளியை மாற்றப் போனார். சீறல் கேட்டது. கையுறையில் நான்கு கோடு, நான்கும் நேர்கோடு. குறி தவறவில்லை, நகம் உதறவில்லை. அக்கா அந்தக் கையுறையைக் கழற்றி, காத்திருந்த நாய்க்காரர்களுக்கும் பூனைக்காரர்களுக்கும் தூக்கித் தூக்கிக் காட்டினார். நூற்றாண்டு காணாத வெற்றிபோல் இருந்தது எனக்கு. மேசையைத் தட்டினேன். யாரோ ஒரு நாய்க்காரர் கை தட்ட, அவர் நாய் குரைக்க, கூண்டுக்குள்ளிருந்து அந்தப் பூனை எங்கள் எல்லோரையும் கேவலமாகப் பார்த்தது. என் பழைய பூனையின் அதே முறைப்பு.

மூன்றாம் நாள் புறப்பட்டார்கள். மனைவி துண்டை நீட்டினார். கணவர் துண்டை வாங்காமல் பூனையை அப்படியே மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டார். அதுவும் கீறாமல் கிடந்தது.

"பாத்துப் போங்கண்ணா," என்றேன். "அந்த மருந்து டப்பாவ எட்டாத எடத்துல வெய்யுங்க."

கார்க் கதவருகே நின்று திரும்பினார். "'பூனைக்கு ஆகாது'ன்னு கொட்டை எழுத்துல எழுதி ஒட்டிப்போடறனுங்க டாக்டரம்மா. என்ற பூனையா மாடா படிக்கப்போகுது, நாந்தானுங்க படிக்கோணும்."