மணி இல்லை

என் அக்கா வீட்டுக்காரருக்கு, போனில் அவர் நடத்திய வாட்ஸ்அப் குழுவில் பெயர் 'காது'. வீட்டில் அப்படி ஒரு பட்டம் அவருக்குக் கிடைத்திருக்க வழியே இல்லை. கேஸ் தீரப்போகிறது, தாழ்ப்பாள் சரியாக விழவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் உங்களைத் தேடினார் என்று அக்கா எதைச் சொன்னாலும் காதில் வாங்காமல் உட்கார்ந்திருப்பார். "சுவத்துக்கிட்ட சொல்லியிருந்தா அதுவாச்சும் திரும்பிப் பாத்திருக்கும்" என்பாள் அக்கா. பல வருஷமாக நான் அதை வழக்கமான புருஷன் பெண்டாட்டிப் புலம்பல் என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் அவரை அத்தான் என்பேன். அவர் என்னை மாப்ள என்பார். அதற்குமேல் பெரிய ஒட்டுதல் கிடையாது, உரசலும் கிடையாது.

அத்தான் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வெட்டு இயந்திரத்தில் நிற்கிறவர். ஒரு பக்கம் அட்டைத் தாளைச் செலுத்தினால் மறுபக்கம் பெட்டி வடிவத்தில் வெட்டி, மடிப்புக் கோடு போட்டுத் தள்ளும். அது போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவனோடு பேச வேண்டுமென்றால் சைகைதான். காதில் வைத்துக்கொள்ள எல்லாருக்கும் பஞ்சு கொடுக்கிறார்கள். அத்தான் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். கேட்டால், "பஞ்ச வச்சுக்கிட்டா பிளேடு மழுங்கிப்போனது எனக்கு எப்படித் தெரியும்? மெஷின் பேசும் மாப்ள" என்பார். மெஷின் அவரிடம் பேசியது உண்மையாக இருக்கலாம். மற்றபடி அங்கே அவரிடம் யாரும் பேசியதில்லை. மேற்பார்வையாளர் கேட்பதெல்லாம் "எப்ப முடியும்?" என்பது மட்டும்தான். அதற்கும் பதில் வருவதற்குள் அடுத்த இயந்திரத்துக்குப் போய்விடுவார்.

அப்படி ஒரு நாளை முடித்துவிட்டு, தோள் இரண்டும் தொங்க வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுப் போனை எடுத்தால்தான் அத்தானுக்கு முதுகெலும்பு முளைக்கும். குழுவின் பெயர் 'இடையிசை'. பாட்டைப் பற்றிப் பேச ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. இவர்கள் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் வயலின் ஒன்றா இரண்டா என்று சொத்துத் தகராறு மாதிரி அடித்துக்கொள்வார்கள்.

சண்டை முற்றினால் யாராவது ஒருவர் எழுதுவார்: "காதைக் கூப்பிடுங்க."

அத்தான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, திரும்பத் திரும்பக் கேட்பார். பிறகு ஒரே வரி. "ரெண்டு வயலின்." அல்லது, "அது குழல் இல்லை, விசில்." முடிவில் ஒரு புள்ளி. புள்ளி விழுந்துவிட்டால் அதோடு சரி, அப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இது அந்தக் குழுவில் எழுதாத சட்டம். அங்கே ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் உண்டு. காலை வணக்கம் சொன்னால்கூட காரணம் கேட்கிற ரகம். அவரே அந்தப் புள்ளிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொள்வார்.

"அந்தப் புள்ளிய வச்சேன்னா அப்புறம் ஒருத்தன் பேச மாட்டான், தெரியுமா?" என்று அத்தான் ஒரு தடவை என்னிடம் சொன்னார். சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தேன். சம்பளம் உயர்ந்த அன்றைக்குக்கூட நான் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. வாழ்க்கையில் அவருக்கென்று இருந்தது அந்தப் புள்ளி ஒன்றுதான்.

என்னையும் ஒரு நாள் கேட்காமல் கொள்ளாமல் குழுவில் சேர்த்துவிட்டார். நான் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். நாளெல்லாம் கேட்கிற சத்தமே போதும் என்று குழுவின் சத்தத்தை அணைத்து வைத்தேன். ஆனாலும் வாடிக்கையாளர் வீட்டில் மெஷினைச் சுற்றவிட்டுக் காத்திருக்கும்போது எடுத்து வாசிப்பேன். அடுத்தவர் சண்டை யாருக்குத்தான் கசக்கும்?

அந்தச் சமயத்தில்தான் 'ஊசிமுனை' வந்து சேர்ந்தார். பழைய இசைத்தட்டுகள் சேர்க்கிறவர். ஒரு பழைய பாட்டின் இரண்டாவது இடையிசையை இரைச்சல் நீக்கிப் போட்டு, "வீணை முடியற இடத்துல ஒரே ஒரு தடவை சின்னதா ஒரு மணி அடிக்குது. யாராச்சும் கவனிச்சிருக்கீங்களா?" என்று கேட்டிருந்தார். பாதிப் பேர் கேட்கிறது என்றார்கள். பாதிப் பேர் இல்லவே இல்லை என்றார்கள். வழக்கம்போல் காதைக் கூப்பிட்டார்கள். அத்தான் தீர்ப்பு வந்தது.

"மணி இல்லை."

ஊசிமுனைக்கு அந்தச் சட்டம் தெரியாது. "ஐயா, மன்னிக்கணும். இருக்கு. இன்னொரு தடவை கேளுங்க" என்று எழுதிவிட்டார். இன்னொரு தடவை கேள் என்று அத்தானிடம் அங்கே எவரும் சொன்னதில்லை. "கேட்டாச்சு. இல்லை" என்றார் அத்தான். "நல்ல ஹெட்போன் போட்டுக் கேளுங்க" என்றார் அவர். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியாயிற்று. "யாருக்குக் காது குத்தறீங்க? காதுக்கேவா?" என்று ஒருவர் எழுத, சிரிப்புப் படங்கள் வரிசை கட்டின. ஊசிமுனை ஒலி அலையைப் படமாகப் போட்டு, ஒரு மேட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினார். அத்தான் பதில் எழுதினார்: "நாங்க பாட்டைக் காதால கேக்கறவங்க. கண்ணால இல்லை." ஒரே கைதட்டல்.

அத்தானுக்குக் கைதட்டல் தலைக்கேறிவிட்டது. "இந்த மணியை அவரே சேத்திருக்கார்" என்று எழுதி, ஊசிமுனையைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். இசைத்தட்டு சேர்க்கிற மனுஷனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் இல்லை. கோபித்துக்கொண்டு சிலர் வெளியேறி 'மணி உண்டு' என்று தனிக்குழு தொடங்கினார்கள். அங்கே என்ன பேசுகிறார்கள் என்று பார்க்க இங்கிருந்து பாதிப் பேர் அங்கேயும் சேர்ந்தார்கள். பகலில் இயந்திரம், சாயங்காலம் பஞ்சாயத்து என்று அத்தானுக்குக் கண்ணுக்குக் கீழே கருத்துப்போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். "மாப்ள, வாஷிங் மெஷின் பீப் அடிக்க மாட்டேங்குது. துணி உள்ளயே கிடந்து நாறுது. உங்கக்கா என்னைப் பிடிச்சுத் திட்டறா."

ஞாயிற்றுக்கிழமை துவைப்பு அவர் பொறுப்பு. மற்ற நாளில் அக்கா போடுவாள். அக்கா ஒரு நாளும் பீப் வரவில்லை என்று சொன்னதில்லை. அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

சின்னதாக ஒரு சுற்று ஓடவிட்டேன். மெஷின் உதறி, குலுங்கி, ஓய்ந்தது. பீப், பீப், பீப் என்று நன்றாகவே அடித்தது. திருப்புளி என் கையில் இருந்தது. அத்தான் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பாத்தியா? சத்தமே இல்லை."

உள்ளறையிலிருந்து அக்கா குரல் வந்தது: "முடிஞ்சு போச்சுன்னு அது கத்துதே, யாராச்சும் நிறுத்துங்களேன்."

மோட்டார் போய்விட்டது என்று எத்தனையோ வீட்டில் சொல்லியிருக்கிறேன். அது சுலபம். இங்கே, போர்டு கோளாறு என்று சொல்லித் தப்பித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்குள் அத்தானே கேட்டார்.

"அடிச்சுதா?"

"அடிச்சுது அத்தான்."

"இப்பவும் அடிக்குதா?"

"ம்."

அவர் குனிந்து காதை மூடிமேல் வைத்துப் பார்த்தார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. சுவிட்சை அணைத்தேன்.

நிமிர்ந்தவர் போய்ப் போனை எடுத்துவந்தார். அந்த இரண்டாவது இடையிசையை வைத்தார். "மணி இருக்கா?" என்றார்.

"எனக்குப் பாட்டப் பத்தி என்ன தெரியும் அத்தான்?"

"பாட்டப் பத்திக் கேக்கலை. மணி இருக்கா?"

வீணை இழைந்து இறங்கி முடிந்தது. கரண்டி டம்ளரில் பட்டதுபோல் ஒரு சத்தம். ஒரே ஒரு தடவை.

"இருக்கு" என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டே வந்த அக்கா, "அந்த டிங்கா? அது எப்பவும் இருக்கறதுதானே" என்றாள். "கல்யாணம் ஆன புதுசுல நீங்கதானே எனக்குக் காட்டுனீங்க? இப்ப வரும் பாருன்னு என் கையில தட்டுவீங்களே."

அத்தான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இல்லை என்று அவர் தீர்ப்பு எழுதிய மணி, அவரே கண்டுபிடித்த மணி. கேட்காமலே போய்ப் போய், இருந்ததே மறந்துவிட்டிருக்கிறது. எனக்கு அந்த நிமிஷம் அவர்மேல் வந்த பரிதாபத்தை மறைக்கத் தெரியவில்லை. திருப்புளியைப் பையில் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன்.

செவிப் பரிசோதனைக்கு நான்தான் அழைத்துப்போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே நின்ற நான், அழுத்துவார் அழுத்துவார் என்று அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் பரிசோதித்த பெண் பொறுமையாகச் சொன்னாள்: கீச்சென்ற சத்தங்கள் போய்விட்டன, இனித் திரும்பாது, பேச்சுக்கு ஒரு கருவி வைத்துக்கொள்ளலாம்.

"அதுல மணி கேக்குமாம்மா?"

"வாசல் மணிதானே சார்? கேக்கும்."

அத்தான் எழுந்தார். படியில் இறங்கும்போது, "பஞ்ச வச்சுக்கிட்டு இருந்திருக்கலாம் மாப்ள" என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கே குழுவில் எழுதினார்: "மணி இருக்கு, எனக்குத்தான் காது போச்சு, ஊசிமுனை மன்னிக்கணும், அவரைத் திரும்பச் சேத்துட்டேன்". முடிவில் புள்ளி இல்லை.

குழு அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. என்ன பெருந்தன்மை என்று ஒருவர் உருகினார். கேட்பது செவியா மனமா என்று தலைமையாசிரியர் நீளக் கட்டுரை எழுதினார். "காதே சொன்னாலும் மணி இல்லைதான்" என்று ஒருவர் அடித்துச் சொன்னார். மறுநாள் யாரோ வீட்டுச் சமையலறையில் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து இதை வாசித்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குக் கீழே ஊசிமுனை எழுதியிருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ஐயா, நான் மறுபடி கேட்டேன். அது மணி இல்லை போலிருக்கு. தட்டுல இருக்கற கீறலா இருக்கலாம். நீங்க சொன்னதுதான் சரி."

அதன்கீழ் இதயப் படங்கள் குவிந்து கிடந்தன.

கொஞ்ச நேரத்தில் அத்தான் போன் செய்தார். தொழிற்சாலை வாசலில் நின்று பேசினார், பின்னால் தூரத்தில் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. "பாவம்னு மணிய எடுத்துட்டான் மாப்ள" என்றார். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவர் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. "சண்டை போட்டப்ப என்னை மனுஷனா மதிச்சான். இனிமே எவனும் என்கூடச் சண்டை போட மாட்டான். நான் என்ன சொன்னாலும் சரிம்பான்" என்றார். அவர் குரல் அவ்வளவு ஓய்ந்துபோய் நான் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் குழுவில் அவருடைய கடைசி வரி வந்தது. "கீறல் இல்லை. மணிதான்." இந்தத் தடவை புள்ளி இருந்தது. பொறுப்பைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டு வெளியேறிவிட்டார். போகாதீர்கள் என்று வந்த செய்திகளை வாசிக்க அவர் அங்கே இல்லை. நான்தான் வாசித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, துவைத்து முடிந்தால் எரிகிற மாதிரி மெஷினில் ஒரு சிவப்பு விளக்கு வைத்துக் கொடுக்கப் போயிருந்தேன். கூடத்தில் அந்தப் பாட்டு ஓடியது. அத்தான் கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். அதைப் போட்டால் வீணை தகர டப்பா மாதிரி கேட்கிறதாம். பக்கத்தில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டுக்கொண்டார் என்பதற்காக உட்கார்ந்திருந்தாள், அவள் முகத்திலும் அசதிதான். மடித்த துண்டை வைத்துவிட்டு அவர் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"வந்துடுச்சு."

"அதுக்குள்ளயா? வீணை இன்னும் முடியலையே."

"முடிஞ்சுது."

"முடிஞ்ச பிறகுதான்டி மணி. எனக்கா தெரியாது? நீ அவசரப்பட்டுத் தட்டிட்ட."

"உங்களுக்குக் கேக்கலைங்க. எனக்குக் கேக்குது. மணி வந்துச்சு, போயும் போச்சு."

நான் திருப்புளியோடு அப்படியே நின்றேன். இப்படிப் பட்டென்று போட்டு உடைத்துவிட்டாளே என்று எனக்குப் பகீரென்றது.

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வீணை முடியலைன்னு நான் சொல்றேன்" என்று குரலை உயர்த்தினார்.

"முடிஞ்சுதுன்னு நான் சொல்றேன்" என்றாள் அக்கா.

"மறுபடி போடு, பாத்துடலாம்."

"போடறேன். அப்புறம் மூச்சு விடக் கூடாது."

அக்கா மடித்த துணியைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி பாட்டைப் போட்டாள். அத்தான் கையை அவள் பக்கம் நீட்டினார்.