காய் விற்ற கையால் கிழங்கும் கொடுத்தேன்

கொரோனா வந்த வருடம் அருப்புக்கோட்டையில் மார்க்கெட்டுக்கு வர ஆட்கள் பயந்ததால், அதலைக்காயைக் கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்றேன். பாகற்காயைவிடக் கசக்கும் இந்தச் சின்னக் காயை நாங்கள் விதைப்பதில்லை. திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் புதைந்து கிடக்கும் கிழங்கே ஐப்பசி மழைக்குக் கொடி விட்டுக் காய்த்துவிடும்.

நெசவுக்கார சாரதா அக்கா என் வாடிக்கை. "கசப்பு சாப்பிட்டா கொரோனா அண்டாதாம்ல. காயே இம்புட்டுக் கசந்தா கிழங்கு இன்னும் கசக்கும். கொண்டா தாயி, கஷாயம் வைக்கிறேன்" என்றார்.

"கிழங்கை நாங்க திங்கிறதில்லையேக்கா" என்றேன். ஆனாலும் வாடிக்கையை விட மனமில்லாமல், மறுநாள் நாலு கிழங்கைத் தோண்டிக் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த நாள் அவர் வீட்டுக்காரர் போன் செய்தார். "கஷாயம் குடிச்சதுல இருந்து ஒரே வாந்தி. ஆஸ்பத்திரியில கொரோனாவான்னு டெஸ்ட் எடுத்திருக்காக. நீயும் தனியா இரு தாயி."

கொரோனா என்றால் எனக்கும் ஒட்டியிருக்கும். இல்லையென்றால் என் கிழங்குதான் காரணம். எதை வேண்டுவதென்று புரியாமல் இரண்டு நாள் மாட்டுக் கொட்டகையில் தனியாகக் கிடந்தேன். கடைசியில், அக்காவுக்குக் கொரோனாவாகவே இருக்கட்டும் என்று கும்பிட்டுவிட்டேன்.

ரிசல்ட்டில் கொரோனா இல்லை. அக்கா பிழைத்து வீடு திரும்பினார். "நானாத்தான கேட்டு வாங்குனேன்" என்று சொல்லி, என்மேல் பழியே போடவில்லை.

இப்போது யார் கேட்டாலும் கிழங்கைத் தோண்டுவதில்லை, காய் மட்டும்தான். அக்காவுக்கு ஒரு கை கூடுதலாக அள்ளிப் போடுகிறேன். "எதுக்குத் தாயி இம்புட்டு?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். அன்று நான் என்ன வேண்டினேன் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.