சந்தனம் பூசின பக்கெட்டும் சரளைக்கல் பாதையும்

டீசல் வாசமும் சாம்பிராணி வாசமும் ஒண்ணா கலந்தா எப்படி இருக்கும் தெரியுமா? எனக்குத் தெரியும்... இப்ப நினைச்சாலும் மூக்குல ஏறுது.

அறுபதுகள்ல நாங்க சிங்கப்பூர்ல புக்கிட் தீமா பக்கம் மேட்டு மேல இருந்த ஒரு பங்களாவுல, பின்னாடி குவார்ட்டர்ஸ்ல குடியிருந்தோம். கல்யாணம் ஆன புதுசு. என் வீட்டுக்காரருக்கு அங்க டிராக்டர் ஓட்டுற வேலை. சிராங்கூன் ரோட்டுல சொந்தக்காரங்ககிட்ட சொன்னா "வயல் எங்க இருக்கு?"ன்னு கேப்பாங்க. வயலும் இல்ல, வரப்பும் இல்ல. கேட்லேருந்து பங்களா வரைக்கும் நீளமா ஒரு சரளைக்கல் பாதை... அதைப் பார்த்துக்கிறதுதான் பொழப்பு.

மழை பெஞ்சா கல்லெல்லாம் கேட்டுக்கு ஓடிப்போயிடும். அந்தக் குட்டி டிராக்டரோட முன்னால இருக்கிற பக்கெட்டுல இவர் அதை அள்ளிட்டு வந்து மேல கொட்டுவார். அப்புறம் பக்கெட்டைக் கவுத்து, ரிவர்ஸ்ல இழுத்து நிரவுவார். நடுவுல லேசா மேடு, ரெண்டு ஓரமும் சரிவு... அப்பதான் தண்ணி ஓரமா போகும். மறுநாள் மழை. மறுபடியும் கல்லு கேட்டுல. மனுஷனுக்குச் சலிப்பே வராது. எனக்குப் பார்த்தே சலிச்சுப்போச்சு.

ஆயுத பூஜைன்னா மட்டும் ஆளே மாறிடுவார். பூஜையில வச்ச சாமானை மறுநாள் விஜயதசமிக்கு முன்னால எடுத்து வேலை செஞ்சா சாமி குத்தம்னு நிஜமாவே பயப்படுவார். அருவாமனை, கத்தி எல்லாம் சாமிகிட்ட போயிடும். நான் முதல் நாளே காய் நறுக்கி வச்சுக்கணும்.

அந்த வருஷம் எனக்கு நிறைமாசம். டிராக்டரைத் தூக்கி சாமி படத்துக்கு முன்னால வைக்க முடியுமா? அதனால பக்கெட்டை மட்டும் கழட்டி, தேய்ச்சுக் கழுவி, கோணிச்சாக்கு மேல போட்டு இழுத்து எங்க வாசலுக்கே கொண்டு வந்துட்டார். சந்தனம், குங்குமம், தேக்கா மார்க்கெட்டுல வாங்கின சாமந்தி மாலை... உள்ள நிறைய பொரியும் கடலையும்.

"கல்லு அள்ளுறதுல பொரியா?"ன்னு சிரிச்சேன்.

"நமக்குச் சோறு போடுறதே அதுதானே கமலா"ன்னார்.

பூஜை முடிஞ்சு சாப்பிட்டு உக்காந்தோம். பிடிச்சுது பாருங்க மழை... எதிர்ல இருக்கிற மரம்கூட தெரியல. அந்த மழையிலதான் எனக்கு இடுப்பு வலியும் ஆரம்பிச்சுது. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்துச்சு.

பங்களாவுல சமைக்கிற சீனப் பொம்பளை ஆ சிம்தான் போன் பண்ணி டாக்சி கூப்பிட்டா. மழை விட்டதும் கேட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்துட்டுத் திரும்பி வந்து மலாய்ல கத்துறா... டாக்சி வந்துடுச்சு, ஆனா மேல ஏறாதாம். மேட்டுக்கு நடுவுல தண்ணி பாதையையே குறுக்கால அறுத்துட்டுப் போயிருந்துச்சு. டயர் இறங்குனா அவ்வளவுதான். நடந்து போகலாம்னா என்னால நிமிரவே முடியல... சுத்தி சேறு, வழுக்கல் வேற.

ஆ சிம் பக்கெட்டைக் காட்டி, என்னைக் காட்டி, உக்காருன்னு சைகை பண்ணா.

"நான் என்ன சரளைக்கல்லா?"ன்னேன். அந்த வலியிலயும் எனக்கு வாய் குறையல.

இவர் பக்கெட்டையே பார்த்துட்டு நின்னார். கையெடுத்துக் கும்பிட்டார்... உதடு மட்டும் அசைஞ்சுது. எனக்கோ ஆத்திரம். "என்னங்க, இங்க உயிர் போகுது, நீங்க இன்னும் பூஜையா பண்றீங்க?"ன்னு கத்தினேன். "பள்ளத்தை நிரவிடுறேன்"னார். பொரியை அப்படியே வாசல்ல கவுத்துட்டு டிராக்டர் எடுக்க ஓடினார்.

டிராக்டர் வந்துச்சு. பக்கெட்டை மாட்டுற பின்னு உள்ள போகல. ஓட்டைக்குள்ளயும் சந்தனம் அப்பி வச்சிருக்கார், அது காய்ஞ்சு கெட்டியாயிருக்கு. சுத்தியலைத் தேடினா அதுவும் சாமி முன்னால பொட்டு வச்சு உக்காந்திருக்கு. அதையும் எடுத்தார். ஓங்கி ஓங்கி அடிச்சு பின்னை இறக்கினார்.

ஆ சிம் என்னைத் தாங்கிப் பிடிச்சு பங்களா போர்ட்டிகோவுல உக்கார வச்சா. அங்கேருந்து பார்த்தேன். டிராக்டர் ஆடி ஆடி அந்தப் பள்ளத்தைத் தாண்டி இறங்குது. கேட்டுல கிடந்த கல்லை அள்ளி, ஏறி வந்து, பள்ளத்துல கொட்டுது. அது மேலயே ஏறி இறங்கி அழுத்துது. மறுபடி கீழ... மாலை எங்கேயோ அறுந்து விழுந்துடுச்சு. பொரி ஒட்டின பக்கெட்டு மட்டும் போய்ப் போய் வருது. அது கல்லுல உரசுற சத்தம் கேக்கக் கேக்க எனக்குத் தைரியம் வந்துச்சு.

கடைசியில டாக்சி ஏறி வந்துச்சு. நறநறன்னு சரளைக்கல்லு மேல டயர் வர்ற சத்தம்... அதைவிட நல்ல சத்தம் நான் கேட்டதே இல்லை.

பொழுது சாயறதுக்குள்ள ஆஸ்பத்திரியில பொண்ணு பொறந்துட்டா.

மறுநாள்தான் இவரைப் பார்க்க விட்டாங்க. வந்தவர் கட்டில் பக்கத்துலயே வரல. தள்ளி நின்னு, "குழந்தைக்கு ஒண்ணும் இல்லையே? டாக்டர் என்ன சொன்னார்?"ன்னு திருப்பித் திருப்பிக் கேக்கிறார். அப்பதான் எனக்குப் புரிஞ்சுது.

"சாமி குத்தம்னு பயந்தீங்களா?"

"வழி பூரா."

"அப்புறம் ஏன் எடுத்தீங்க?"

"குத்தம்னா என் தலையோட போகட்டும், அவங்க ரெண்டு பேரையும் விட்டுடுன்னு சொல்லிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணேன்."

இதைத்தான் அந்த உதடு சொல்லிட்டு இருந்திருக்கு. நான் என்னடான்னா கத்திட்டு இருந்தேன். "எல்லாம் நல்லா இருக்கு, வந்து தூக்குங்க"ன்னேன். தூக்கினார். ரெண்டு பேரும் அழுதோம்... அப்பாடான்னு இருந்துச்சு.

அந்தக் காலம் மாதிரி வருமான்னு இந்த குரூப்ல நிறைய பேர் எழுதுறீங்க. எனக்கு அந்தப் பாதை வேண்டவே வேண்டாம் லா. இப்ப பொங்கோல்ல மக வீட்டுல இருக்கேன். எவ்வளவு மழை கொட்டினாலும் டாக்சி எங்க அடுக்குமாடி புளோக்குக்குக் கீழயே வந்து நிக்குது. நிம்மதி. அவர்தான் இல்லை.

போன ஆயுத பூஜைக்கு மக லேப்டாப்பை சாமிகிட்ட வச்சா. கற்பூரம் அணையுறதுக்குள்ள ஆபீஸ்லேருந்து போன், ஏதோ அவசர வேலையாம். லேப்டாப்பையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்த்தா.

"எடுத்துக்கோ"ன்னேன்.

"அப்பா இருந்தா திட்டியிருப்பார்லம்மா?"

"போடி... உனக்காக முதல்ல எடுத்ததே உங்கப்பாதான்."