கேக் தட்டில் என் பெயர்

சென்ற ஆண்டு இறைவனிடம் போய்ச் சேர்ந்த என் அக்காவுக்காக இன்று ஜெபிக்க வந்திருக்கும் உங்கள் அனைவரையும் வணங்கி இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது நேமத்தான்பட்டியில். அப்பா கொத்து வேலை பார்த்தார். அம்மா இறந்தபோது நான் கைக்குழந்தை. என்னைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் அக்கா பள்ளிக்கூடமே போகவில்லை. அப்பாவும் போன பிறகு என்னைச் செக்காலைக்கு அழைத்து வந்து, ஒரு ரொட்டிக் கடையில் தட்டுக் கழுவினார். அங்கேயே கேக் போடக் கற்று, பின்பு வீட்டில் மணல் பரப்பிய சட்டியில் சுட்டு விற்றார். அதில்தான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருத்தி கல்லூரி வரை போனாள்.

நான் பட்டம் வாங்கியதும் அக்கா புதிதாக அலுமினிய கேக் தட்டுகள் வாங்கினார். யார் பெயரை வெட்டுவது என்று பாத்திரக் கடையில் கேட்டார்கள்.

“தங்கச்சி பேரை வெட்டுங்கண்ணே. கூடவே பி.எஸ்ஸி.ன்னு போடுங்க.”

அக்காவின் பெயரை வெட்டச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. வெளிப்பக்கம் வெட்டினால் கரி மூடிவிடும், உள்ளே வெட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அதன் பிறகு ஒவ்வொரு கேக்கின் அடியிலும் என் பெயர் இடம் வலம் மாறிப் புடைத்து வந்தது. பக்கத்து டெலிபோன் பூத் அண்ணன், “என்னத்தா, கேக்கையும் பி.எஸ்ஸி. படிக்க வச்சிட்டீகளா?” என்று கேலி செய்வார்.

“ஆமாண்ணே, எங்க வீட்டுல படிக்காம நிக்கிறது நான் ஒருத்திதேன்” என்று அக்கா சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

எழுத்துகளுக்குள் மாவு புகுந்து காய்ந்துவிடும். அக்கா தட்டை வெந்நீரில் ஊறவைத்து, புளி தேய்த்து, ஈர்க்குச்சியால் ஒவ்வோர் எழுத்தாகக் கிளறி எடுப்பார். அடியில் தாள் விரிக்கலாமே என்றேன்.

“தாளு போட்டா ஒம் பேரு விழுகாதுல்லடி.”

உதவிக்கு உட்கார்ந்தால், படித்த பிள்ளை கரியில் கை வைக்கக் கூடாது என்று விரட்டுவார். அவர் விரட்டி முடிப்பதற்குள் நான் எழுந்துவிடுவேன்.

மஞ்சள் காமாலையோடு அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் அந்தத் தட்டுகளை முதன்முறையாகக் கழுவினேன். என் பெயரை நானே கிளறிக் கிளறி, ஒரு தட்டை முடிப்பதற்குள் விரல் நுனி எரிந்தது. மறுநாள் அதைச் சொல்லி அவர் கட்டிலருகே அழுதேன். “ஈரம் போகத் தொடச்சு வச்சியாடி? புள்ளி விழுந்துரும்” என்றார். அதன் பிறகு அவர் அதிகம் பேசவில்லை.

அக்காவை மகளைப் போலப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஆட்டோ பிடித்துக் கூடவே வந்த பூத் அண்ணனுக்கும், அடக்கத்தன்று எங்கள் வீட்டைத் தாங்கிய கோவிலூர் உறவுகளுக்கும் நான் கடமைப்பட்டவள்.

இம்மலருடன் ஆளுக்கொரு கேக் தட்டு தந்திருக்கிறேன். சோடா போட்டுக் கழுவாதீர்கள், கறுத்துவிடும். மாவு ஒட்டினால் சுரண்டாமல் ஊறவையுங்கள். கழுவியதும் துடைத்து வையுங்கள். இங்கே நான் எழுதாத அக்காவின் பெயர் அதில் இருக்கிறது. கழுவுகிறவருக்குச் சிரமம் வேண்டாம் என்று வெளியே, அடிப்பக்கத்தில் வெட்டச் சொன்னேன். கரி மூடினால் கொஞ்சம் புளி போட்டுத் தேயுங்கள். தெரியும்.